கையால் தைத்த குயில்ட்டை முதல் தடவை தோய்ப்பது எப்படி: முடிவெடுப்பதிலிருந்து கொடியில் போடுவது வரை

குயில்ட் என்பது துண்டுத் துணிகளைப் பொருத்தி, நடுவில் பஞ்சு வைத்து, மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை. அதைத் தைக்கப் பழகுகிறவர்கள் கடைசி நூலை வெட்டியவுடன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, இதை இனித் தோய்க்க வேணுமோ, இப்பிடியே மடிச்சுக் குடுக்கலாமோ?" பாவனைக்குப் போகிற குயில்ட் என்றால் முதல் தோய்ப்பு தைத்தவரின் கையால்தான் நடக்க வேண்டும் என்பது என் பதில். சாயம் ஓடுவதும் தையல் விடுவதும் துணி சுருங்குவதும் பெரும்பாலும் முதல் தண்ணீரில்தான் தெரியவரும். எந்தத் துணி எங்கே வாங்கியது, எந்த மூலையில் தையல் மெலிந்தது என்று அறிந்தவர் அந்த நேரம் பக்கத்தில் நின்றால் குயில்ட்டைக் காப்பாற்றிவிடலாம். பரிசாக வாங்கியவருக்கு அது எதுவும் தெரியாது.

கீழே வரும் படிகளின் ஒழுங்கை மாற்றாதீர்கள். என்னிடம் பழகியவர்களில் குயில்ட்டைக் கெடுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் சரியான வேலையைத்தான் செய்தார்கள். ஆனால் பிழையான நேரத்தில் செய்தார்கள்.

சொற்களையும் சொல்லிவிடுகிறேன். துண்டுகள் பொருத்திய மேல்பக்கம் மேல்துணி. நடுவில் வைப்பது நடுப்பஞ்சு, கடைகளில் பட்டிங் என்பார்கள். கீழே வருவது அடித்துணி. நான்கு பக்கமும் சுற்றித் தைப்பது ஓரப்பட்டி.

1. தோய்ப்பதா, விடுவதா

ஆள் போர்த்தும், குழந்தை தவழும், கட்டிலில் விரிக்கும் குயில்ட் எல்லாம் தோய்க்கப்பட வேண்டியவை. புதுத் துணியில் ஆலையில் போட்ட கஞ்சியும் பூச்சும் இருக்கும். கசங்காமல் இருப்பதற்காகப் பூசும் சில பூச்சுகளில் ஃபோர்மல்டிஹைட் உண்டு. மெல்லிய தோலுக்கு அது ஒத்துவராது. இதோடு மாதக்கணக்காக உங்கள் கை வியர்வை, மெசின் எண்ணெய், நிலத்தில் விரித்துப் பொருத்தியபோது ஒட்டிய தூசி எல்லாம் அதில்தான் இருக்கிறது. கஞ்சி நின்ற துணியை அப்படியே அலுமாரியில் வைத்தால் வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் தேடி வரும்.

பரிசுக்கான குயில்ட் என்றால் இன்னும் கட்டாயம். முப்பத்தோராம் நாளுக்குப் பிள்ளைக்கென்று தைத்துக் கனடாவுக்கு அனுப்புகிறோம். அங்கே அது சூடான தண்ணீர் மெசினுக்குள்ளும் பிறகு உலர்த்தும் மெசினுக்குள்ளும் போகும். நாங்கள் இங்கே முற்றத்தில் காயவைப்பதைவிடப் பல மடங்கு கடுமை அது. சிவப்புத் துணி அங்கே போய்ச் சாயம் விட்டால் வாங்கியவர் உங்களுக்குச் சொல்லவும் மாட்டார். மனம் நோகும் என்று நினைத்து ஒளித்து வைத்துவிடுவார்.

தோய்க்கக் கூடாதவையும் உண்டு. கூறைச் சேலை, பட்டு, சரிகை, வெல்வெட் சேர்ந்த குயில்ட்டைத் தண்ணீரில் போட வேண்டாம். பருத்தியும் பட்டும் ஒரே அளவில் சுருங்காது, சரிகை கறுக்கும். சுவரில் தொங்கவிடத் தைத்ததற்குத் தட்டித் தூசி போக்கினால் போதும். இலவம் பஞ்சைத் தளர்வாக அடைத்த பழைய முறைப் போர்வையும் நனையக் கூடாது. பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், உள்ளே காய நாட்கணக்காகும். அதை வெயிலில் போட்டுப் புரட்டி எடுத்தால் சரி.

இடையில் நிற்கும் ஒரு வகைக்கு நான் விதி சொல்வதில்லை. காலமான அம்மம்மாவின் பருத்திச் சேலைகளை வெட்டித் தைக்கச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். அந்தச் சேலைகள் ஏற்கெனவே நூறு தரம் தோய்த்தவை, சாயம் பற்றிப் பயமில்லை. ஆனால் சிலருக்கு அந்தச் சேலை மணமே வேண்டும். தோய்த்தால் அது போய்விடும், திரும்ப வராது. அதனால் தோய்க்குமுன் கட்டாயம் கேளுங்கள்.

2. தண்ணீரையும் நாளையும் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருப்பதால் சவர்க்காரக் கட்டி அதோடு சேர்ந்து வெள்ளைப் படலமாகத் திரளும். ஒற்றைத் துணியில் அது அலசப் போய்விடும். மூன்று அடுக்குக் குயில்ட்டில் நடுப்பஞ்சுக்குள் சிக்கி, காய்ந்தபின் துணி விறைத்து மங்கலாகத் தெரியும். ஆகவே கட்டிச் சவர்க்காரம் தேய்க்க வேண்டாம். திரவச் சலவைச் சவர்க்காரம் சுண்ணாம்புத் தண்ணீரோடு இந்த அளவுக்குத் திரளாது.

கடற்கரைப் பக்கத்தில் இருப்பவர்கள் உவர்த் தண்ணீரில் கடைசி அலசலைச் செய்யாதீர்கள். உப்பு துணிக்குள் தங்கினால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மாரி காலத்தில் குயில்ட் எப்போதும் பிசுபிசுப்பாகவே இருக்கும். முதல் தோய்ப்பைக் கிணற்றுத் தண்ணீரில் செய்தாலும் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் என்று பார்த்தால் மாசியும் பங்குனியும் எனக்குப் பிடித்த மாதங்கள். மாரி மழையால் கிணறு இன்னும் மேலே நிற்கும், வெயிலும் ஏறியிருக்கும், காற்று பலமில்லை. வைகாசிக்குப் பிறகு சோழகக் காற்று தொடங்கினால் காய்வது விரைவு. ஆனால் உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் போன்ற செம்மண் பக்கங்களில் ஈரத் துணியில் புழுதி படிந்துவிடும். அந்த மாதங்களில் விடியவே தோய்த்து, காற்று கிளம்பும் முன் பாதி காய்ந்திருக்கும்படி பாருங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை பெரிய குயில்ட்டை நான் நனைப்பதில்லை. அவசரம் என்றாலும் அடுத்தடுத்து 2 நாள் வெயில் வரும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

தண்ணீரில் போட்டபின் எதையும் தேடி ஓடக் கூடாது. ஈரமாக மடிந்து கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் சாயம் பக்கத்துத் துணிக்கு நகர வாய்ப்பு. ஆகவே இவை கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்:

குயில்ட் முழுதாக விரிந்து மிதக்கக்கூடிய பாத்திரம் அல்லது தொட்டி. வாசமில்லாத, வெளுக்கும் மருந்து சேராத திரவச் சவர்க்காரம். பழைய வெள்ளை வேட்டித் துண்டுகள். குயில்ட்டைவிடப் பெரிய பழைய பெட்சீட் ஒன்று. தடித்த துவாய் நான்கைந்து. அளவுநாடா, ஊசி, நூல், சிறு காந்தம். தைத்தபோது மிஞ்சிய துண்டுகள், ஒவ்வொரு துணியிலும் ஒன்று.

மிச்சத் துண்டுகளை எறிந்துவிட்டேன் என்று பலர் வந்து நிற்பார்கள். அடுத்த குயில்ட்டுக்காவது ஒரு சிறு பையில் போட்டு வையுங்கள். குயில்ட் வீட்டை விட்டுப் போகும்வரை அந்தப் பை தேவை.

கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் தோய்ப்பதாக இருந்தால் முதல் நாளே பாசியைத் தேய்த்துக் கழுவி விடுங்கள். சொரசொரப்பான சீமெந்தில் தையல் நூல் மாட்டி இழுபடும். அதற்குத்தான் அந்தப் பழைய பெட்சீட்: தொட்டிக்குள் முதலில் அதை விரித்து அதன்மேல் குயில்ட்டைப் போட வேண்டும். தூக்கும்போதும் அது உதவும், பிறகு சொல்கிறேன்.

4. சாயச் சோதனை

எல்லாப் படியிலும் நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். கடும் சிவப்பு, கருநீலம், கறுப்பு, ஊதா, கையால் சாயமிட்ட துணி, மெழுகிட்டுச் சாயம் போட்ட பற்றிக் துணி ஆகியவற்றை நம்பக் கூடாது. தையல்காரரிடம் வாங்கிய வெட்டுத்துண்டுகளும் அப்படித்தான். எந்த ஆலைத் துணி, தோய்த்ததா என்று அவருக்கே தெரியாது.

ஒவ்வொரு கடும் நிறத் துண்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குவளையில் போடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் 2 துளி சவர்க்காரம், கூடவே ஒரு சிறு வெள்ளை வேட்டித் துண்டு. அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

தண்ணீர் தெளிவாக நின்றால் கவலையில்லை. தண்ணீர் நிறம் மாறியும் வெள்ளைத் துண்டு வெள்ளையாகவே இருந்தால், சாயம் ஓடுகிறது, ஆனால் தண்ணீருக்குள் நிற்கிறது. நிறையத் தண்ணீரில் தோய்த்தால் தப்பலாம். வெள்ளைத் துண்டிலும் நிறம் ஏறிவிட்டால் சாதாரணமாகத் தோய்க்க வேண்டாம். 9ஆம் படியில் சொல்லும் சூட்டுத் தண்ணீர் முறையை முதலிலேயே எடுங்கள், அல்லது தோய்க்காமல் விடுங்கள்.

மிச்சத் துண்டு இல்லாதவர்கள் ஈர வெள்ளைத் துணியைக் குயில்ட்டின் ஒவ்வொரு கடும் நிறத்தின் மேலும் 10 நிமிடம் அழுத்தி வைத்துப் பார்க்கலாம். இது பாதிச் சோதனைதான். தேய்த்தால் ஒட்டாத சாயமும் ஊறும்போது ஓடும்.

உப்பும் விநாகிரியும் பற்றி ஒரு வார்த்தை. "உப்புத் தண்ணியில ஊற வைச்சால் சாயம் நிக்கும்" என்று எங்கள் அம்மாமார் எல்லாரும் சொல்லித் தந்தார்கள். சாயம் போடும் பானையில் உப்பு சேர்ப்பது உண்மை. சாயத்தைத் துணியை நோக்கித் தள்ள அது உதவும். ஆனால் சாயமிட்டு விற்கப்பட்ட பருத்தியில் ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தை உப்பு கட்டிப்போடாது. உப்புத் தண்ணீரில் அடங்கி நிற்பதுபோல் இருக்கும், நல்ல தண்ணீரில் அலசும்போது மறுபடி ஓடும். விநாகிரியும் பருத்தியில் உள்ள மிச்சச் சாயத்தை நிறுத்தாது. அந்த நம்பிக்கையில்தான் பலர் வெள்ளைத் துணி சேர்ந்த குயில்ட்டை யோசிக்காமல் நனைக்கிறார்கள்.

5. தையல், ஊசி, அளவு

நனைக்கும் முன் குயில்ட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். தையல்கோட்டுக்கு வெளியே கால் அங்குலத்துக்குக் குறைவாகத் துணி விட்ட இணைப்பு தண்ணீரில் பிரியும். பிரிந்தபின் துணி நூல்நூலாகப் போய்விடும், மடித்துத் தைக்க இடமிராது. இப்போதே இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, மேலே தெரியாமல் சிறு சிறு தையலாகப் போட்டு மூடுங்கள். ஓரப்பட்டியின் நான்கு மூலையையும் விரலால் இழுத்துப் பாருங்கள். கைத்தையலில் அதிகம் விடுவது அந்த மூலைகள்தான்.

குண்டூசியும் சேஃப்டி பின்னும் எப்போதும் ஒன்றாவது உள்ளே தங்கியிருக்கும். காந்தத்தை மேலும் கீழுமாகக் குயில்ட் முழுதும் ஓட்டுங்கள். ஈரத்தில் துருப்பிடித்தால் அந்தக் கறையை எடுப்பது பெரும்பாடு. குழந்தைக்கான குயில்ட்டில் இதை நான் 2 தரம் செய்வேன்.

பிறகு அளவெடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். தோய்க்காத பருத்தித் துணியும் பருத்தி நடுப்பஞ்சும் முதல் தோய்ப்பில் பொதுவாக 3 முதல் 5 வீதம் சுருங்கும். 60 அங்குல அகலமுள்ள குயில்ட் 4 வீதம் சுருங்கினால் ஏறக்குறைய இரண்டரை அங்குலம் குறையும். பொலியெஸ்டர் நடுப்பஞ்சு அநேகமாகச் சுருங்காது. இந்தக் கணக்கு கையில் இருந்தால் அடுத்த குயில்ட்டை வெட்டும்போதே பெரிதாக வெட்டுவீர்கள்.

சுருங்கும்போது தையல்கோடுகளுக்கு இடையில் துணி மெல்லப் பொம்மி, மழை பெய்த மணல்போல் சிறு சுருக்கங்கள் விழும். எனக்கு அது மிகவும் பிடிக்கும். கை வைத்தாலே கைத்தையல் என்று தெரியும், சின்னச் சின்ன வளைவுத் தையல்களும் அதற்குள் மறைந்துவிடும். மட்டமாக இருக்க வேண்டும் என்பவர்கள் வெட்டுமுன்பே எல்லாத் துணியையும் தோய்த்திருக்க வேண்டும். பாதி தோய்த்தது, பாதி தோய்க்காதது என்று கலந்து தைத்தால் மட்டும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். பழஞ்சேலையையும் புது பொப்ளினையும் சேர்க்கும்போது இதை மறக்காதீர்கள்.

6. வரைந்த குறிகளைக் குளிர்ந்த தண்ணீரில் எடுங்கள்

தோய்ப்புக்கு முன் வரும் கடைசிப் படி இது. தண்ணீரில் மறையும் நீலப் பேனாவால் வரைந்திருந்தால் சவர்க்காரம் படுமுன் வெறும் குளிர்ந்த தண்ணீரால் நன்றாக நனைத்து எடுக்க வேண்டும். சவர்க்காரமோ சூடோ முதலில் பட்டால் அந்த நீலம் கபிலமாக மாறி நிலைத்துவிடும். ஈரத் துணியால் ஒற்றி மட்டும் விட்டால் மை நடுப்பஞ்சுக்குள் இறங்கி, காய்ந்தபின் மேலே வரும். அதனால் முழுக் குயில்ட்டையும் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, தாமதிக்காமல் அடுத்த படிக்குப் போய்விடுங்கள். சாயச் சோதனையில் தவறிய குயில்ட் என்றால் சூட்டுத் தண்ணீரை முன்பே தயாராக வைத்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும்.

அயன் சூட்டில் மறையும் பேனாவின் கதை வேறு. அதன் கோடு மறைவதுபோல் தெரியும், கடும் குளிரில் மறுபடி தோன்றும். யாழ்ப்பாணத்தில் இருக்கும்வரை தெரியாது, குளிர் நாட்டுக்குப் போனால் தெரியவரலாம். தையல் சோக்கும் பென்சிலும் சவர்க்காரத்தில் அநேகமாகப் போகும். மெழுகு கலந்த சோக் மட்டும் அயன் பட்டால் எண்ணெய்க் கறையாகும்.

இதனால்தான் சொல்கிறேன்: குறிகள் இருக்கும் குயில்ட்டைத் தோய்க்குமுன் அயன் பண்ணாதீர்கள். "கொஞ்சம் மடிப்பு எடுத்துவிட்டுத் தோய்ப்போம்" என்று அயன் வைத்து ஒரு பூவேலை முழுவதும் கபில நிறமாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

7. கையால் தோய்ப்பது

தொட்டியில் பெட்சீட்டை விரியுங்கள். குயில்ட் முழுதாக மூடி, மேலே ஒரு சாண் நிற்குமளவு குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். தண்ணீர் குறைந்தால் ஓடிய சாயம் செறிந்து நின்று பக்கத்துத் துணியில் ஏறும். தண்ணீர் கூடக் கூடச் சாயம் கலைந்துவிடும். எங்கள் ஊரில் தண்ணீரைச் சிக்கனமாகப் பாவித்தே பழகிவிட்டோம். இந்த ஒரு நாள் மட்டும் தாராளமாக விடுங்கள். அலசிய தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடலாம்.

சவர்க்காரத்தை ஒரு வாளியில் கரைத்தபின் தொட்டியில் கலக்குங்கள். கட்டில் குயில்ட் ஒன்றுக்கு 2 மேசைக்கரண்டி போதும். நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்று நினைத்து அரைப் போத்தல் ஊற்றுபவர்கள் பிறகு எட்டுத் தண்ணீர் அலசியும் வழுவழுப்புப் போகவில்லை என்று நிற்பார்கள்.

குயில்ட்டை விரித்தபடி இறக்கி, இரண்டு கையாலும் மெல்ல அமுக்கி விடுங்கள். கல்லில் அடிப்பது, தூரிகை போடுவது, முறுக்குவது எதுவும் கூடாது. அமுக்கும்போது தண்ணீர் மூன்று அடுக்கையும் ஊடுருவிப் போய் வரும், அதுவே அழுக்கை எடுக்கும். 10 முதல் 15 நிமிடம் போதும். முதல் தண்ணீர் மங்கலாகவோ மஞ்சளாகவோ வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கஞ்சியும் தூசியும்தான். நிறம் தெரிந்தால் உடனே 9ஆம் படி.

தண்ணீரை வடியவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு, அமுக்கி, மறுபடி வடிய விடுங்கள். வடியும்போது குயில்ட்டைத் தூக்காதீர்கள். அது தொட்டியிலேயே கிடக்கட்டும். 3 அல்லது 4 தண்ணீரில் கையில் வழுவழுப்பு நின்றுவிடும். கடைசித் தண்ணீர் நல்ல தண்ணீர்.

நீலமும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். துணியை மிருதுவாக்கும் வாசத் திரவத்தையும் நான் சேர்ப்பதில்லை. அது நூலின்மேல் படலமாகப் படிந்து, பருத்தி வியர்வை உறிஞ்சுவதைக் குறைக்கும்.

8. மெசினில் தோய்ப்பதானால்

முன்பக்கக் கதவுள்ள மெசின் நல்லது. மெல்லிய துணிக்கான சுற்று, குளிர்ந்த தண்ணீர். குயில்ட் உள்ளே போனபின் பாதி இடமாவது காலியாக இருக்க வேண்டும். அடைத்துப் போட்டால் அலசல் உள்ளே போகாது. மேலே திறக்கும் மெசினில் துணி ஒன்றோடொன்று முறுகிக்கொள்ளும், அதனால் ஊறவைத்துக் கையால் அமுக்கி, கடைசியில் சுழற்றித் தண்ணீர் எடுக்க மட்டும் அதைப் பாவியுங்கள். இரட்டைத் தொட்டி மெசினின் சுழற்றும் தொட்டியில் குழந்தைக் குயில்ட்டுக்கு மேல் பெரியது கொள்ளாது.

சுழற்றுவது குயில்ட்டைக் கெடுக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். கையால் முறுக்கிப் பிழிவதோடு ஒப்பிட்டால் தையலுக்கு அது எவ்வளவோ மெது. துணி தொட்டிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், தண்ணீர் மட்டும் வெளியேறும்.

9. சாயம் ஓடிவிட்டால்

முதலாவது, காயவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்வரை ஓடிய சாயம் பெரும்பாலும் திரும்ப எடுக்கக்கூடியது. வெயிலில் காய்ந்தோ அயன் பட்டோ போனால் வேலை பல மடங்காகும். இளஞ்சிவப்புப் பட்ட வெள்ளைத் துணியைப் பார்த்துப் பதறி, வெயிலில் போட்டால் வெளுக்கும் என்று கொடியில் போடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. குளோரின் வெளுப்பானையும் ஊற்றாதீர்கள். அது எல்லா நிறத்தையும் தின்னும், பருத்தி நூலையும் மெலியச் செய்யும்.

பருத்திக் குயில்ட் என்றால் சூட்டுத் தண்ணீர் மிச்சச் சாயத்தைக் கழற்றும், சவர்க்காரம் அதைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து வைக்கும். பெரிய பிளாஸ்டிக் பெரலோ மூடியுள்ள பெரிய பாத்திரமோ எடுங்கள். சீமெந்துத் தொட்டியில் சூடு நிற்காது. கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, கிணற்றுத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய 60 பாகை வரும். கை வைக்காதீர்கள், வழுவழுப்பான தடியால் அமுக்குங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். வழக்கத்தைவிட இரட்டிப்புச் சவர்க்காரம் கரைத்து, குயில்ட் முழுதாக அமிழும்படி செய்யுங்கள். மேலே மிதக்கும் பகுதியில் சாயம் செறிந்து கறையாகும்; ஆகவே வெள்ளைப் பீங்கான் தட்டுகளைப் பாரமாக வைத்து அமிழ்த்துங்கள். மூடிவிட்டு 12 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள்.

காலையில் ஒரு வெள்ளைக் கோப்பையில் அந்தத் தண்ணீரை அள்ளிப் பாருங்கள். நிறமாக இருந்தால் ஊற்றிவிட்டு மறுபடி சூட்டுத் தண்ணீர், மறுபடி 12 மணி நேரம். கோப்பைத் தண்ணீர் தெளிவாகும்வரை இப்படியே தொடருங்கள். சிவப்புப் பற்றிக் சேர்ந்த ஒரு குயில்ட்டுக்கு எனக்கு 4 தண்ணீர் எடுத்தது. 3ஆம் தண்ணீரோடு போதும் என்று நிறுத்த நினைத்தேன், நிறுத்தியிருந்தால் ஓரப்பட்டி இளஞ்சிவப்பாகவே நின்றிருக்கும். சூடு பட்டதால் அது இன்னும் கொஞ்சம் சுருங்கியது. அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

10. தண்ணீரை எடுப்பது

ஈரக் குயில்ட் கல்லாகக் கனக்கும். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் முழுப் பாரமும் அந்தத் தையல்களில் இழுக்கும். டக் டக்கென்று நூல் அறுவது காதிலேயே கேட்கும். அடியில் விரித்த பெட்சீட்டின் நான்கு மூலையையும் இரண்டு பேர் பிடித்து ஏணைபோல் தூக்குங்கள். இதைத் தனியாகச் செய்ய வேண்டாம், பக்கத்து வீட்டு மாமியையாவது கூப்பிடுங்கள்.

ஏணையிலேயே சில நிமிடம் வடியவிட்டு, நிலத்தில் விரித்த துவாய்களின்மேல் குயில்ட்டை விரியுங்கள். துவாயோடு சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, மேலே முழங்காலால் அமுக்குங்கள். துவாயை மாற்றி இன்னொரு தரம். காயும் நேரம் பாதியாகக் குறையும்.

11. காயப் போடுவது

ஒற்றைக் கொடியில் தொங்கவிடாதீர்கள். பாரம் கீழே இழுத்துக் குயில்ட் நீண்டு கோணலாகிவிடும். பக்கம் பக்கமாகக் கட்டிய 3 கொடிகளின் குறுக்கே, ஊஞ்சல்போல் தொய்ய விடுங்கள், பாரம் பகிர்ந்துகொள்ளும். இன்னும் நல்லது விரித்துப் போடுவது. பனையோலைப் பாய் இதற்கு அருமை, கீழிருந்தும் காற்று வரும். ஆனால் சாயமிட்ட ஓலைப் பாய் ஈரத்தில் சாயம் விடும். எந்தப் பாயானாலும் மேலே வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துவிட்டே போடுங்கள்.

அடித்துணி மேலே பார்க்கட்டும். எங்கள் உச்சி வெயில் ஒரே நாளில் நிறத்தை மங்கச் செய்யாவிட்டாலும், ஒவ்வொரு தோய்ப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஓரளவு நிழலும் நல்ல காற்றும் உள்ள இடம் போதும். வேப்ப மரத்தின் கீழ் மட்டும் வேண்டாம், பழம் விழுந்தால் கறை. காகமும் அங்கேதான் வந்து இருக்கும். மேலே இன்னொரு பழைய வேட்டியை மெல்லிதாக விரித்துவிட்டால் காகத்துக்கும் புழுதிக்கும் சேர்த்துக் காவல்.

விரித்தவுடன் கையால் தடவி நான்கு மூலையையும் நேராக்குங்கள். அளவுநாடாவால் எதிரெதிர் மூலைகளை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சதுரம் சரி. ஈரத்தில் மட்டும்தான் இதைத் திருத்த முடியும்.

மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்டுங்கள். பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். தை, மாசியில் இரவுப் பனி விழுந்தால் பகல் முழுவதும் காய்ந்தது வீண். மேலே காய்ந்ததுபோல் இருக்கும். துண்டுகள் பல சேரும் தடித்த இணைப்புகளைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இரவில் கதிரைகளின்மேல் விரித்து மின்விசிறி போட்டுவிட்டு மறுநாள் மறுபடி வெயில் காட்டுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் இரண்டொரு நாளில் பூஞ்சணம் கறுப்புப் புள்ளியாகப் பிடிக்கும். அந்தப் புள்ளி துணியை விட்டு முழுதாகப் போவது அரிது.

12. மீண்டும் பார்த்து, மடித்து, கொடுப்பது

காய்ந்தபின் மறுபடி அளந்து முதல் எழுதிய தாளிலேயே எழுதுங்கள். விட்ட தையல் இருந்தால் இப்போது தைத்துவிடுங்கள். முதல் தோய்ப்பில் ஒரு மூலையும் விடாத குயில்ட் எனக்கு அரிதாகத்தான் அமைந்திருக்கிறது.

பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைக்காதீர்கள், உள்ளே வியர்க்கும். பழைய பருத்தித் தலையணை உறை ஒன்று போதும். குழந்தைக் குயில்ட்டுக்குள் பூச்சி உருண்டை போடவே கூடாது. நப்தலீன் சில குழந்தைகளின் இரத்தச் செல்களை உடைத்துவிடும். காய்ந்த வேப்பிலையைத் தனித் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம், குயில்ட்டில் நேரே படாதபடி. குழந்தைக்குக் கொடுக்கும்போது இன்னொன்றும் சொல்லுங்கள்: ஒரு வயது ஆகும்வரை பிள்ளை நித்திரையாகும்போது இதைப் போர்த்தவோ தொட்டிலில் போடவோ வேண்டாம், முகத்தை மூடிவிடும். விழித்திருக்கும் நேரம் நிலத்தில் விரித்துத் தவழ விடலாம்.

பரிசோடு ஒரு சிறு அட்டை வையுங்கள். ஒரு முறை தோய்த்தது, குளிர்ந்த தண்ணீர், மெல்லிய சுற்று, வெளுப்பான் வேண்டாம், விரித்துக் காயவிடவும் என்று நான்கைந்து வரி. சாயம் ஓடிச் சரிசெய்த குயில்ட் என்றால் "தனியாகத் தோய்க்கவும்" என்பதையும் சேருங்கள். வீட்டிலேயே வைத்திருப்பதானால் 3 மாதத்துக்கு ஒரு தரம் எடுத்து உதறி, மடிப்பை வேறு இடத்தில் போட்டு வையுங்கள். ஒரே கோட்டில் மடிந்து கிடந்தால் அந்தக் கோட்டில்தான் முதலில் நூல் அறும்.